ராக்னாவின் நழுவிய கண்ணிகள்

எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சிரிக்கத் தெரியாது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு. சுத்தப் பொய். நன்றாகவே தெரியும். வெளிச்சத்தில் சிரிக்க மாட்டோம், அவ்வளவுதான். மினசோட்டாவில் நார்வேக்காரர்கள் வந்து குடியேறிய லுண்டாலில், நாலு பேர் பார்க்கப் பல்லைக் காட்டினால் இவளுக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள். அதனால்தான் நார்த் ஸ்டார் தியேட்டர் எங்களுக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது. அங்கே விளக்கை அணைப்பார்கள்.

அந்தத் தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவள் நான்தான், கெர்டா. எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். வாயும் இல்லாவிட்டால் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருத்தி எப்படிக் காலம் தள்ளுவது?

யுத்தம் வந்த பிறகு ஹாலிவுட்காரர்கள் பாட்டும் கூத்துமாகப் படங்களை அனுப்பித் தள்ளினார்கள். சிப்பாய் வரிசையில் நிற்பான், பின்னால் ஒரு பெண் வந்து நிற்பாள், உடனே இரண்டு பேரும் பாட ஆரம்பித்துவிடுவார்கள். தளபதிக்குக் கோபம் வரும். கடைசியில் அவரும் ஆடுவார். யுத்தம் உண்டு, சாவு கிடையாது. நாங்கள் வீட்டில் ரேஷன் சர்க்கரையை ஸ்பூனால் அளந்து கொண்டிருந்தபோது, திரையில் ஆளுயரக் கேக் வரும். ஹால் முழுவதும் ஒரு பெருமூச்சு கேட்கும். இருட்டில் யாராவது, "அம்மாடி, அவ்வளவு சர்க்கரைக்கு எவன்டி கூப்பன் குடுத்தான்?" என்று கேட்டுவிடுவாள்.

பெரும்பாலும் அப்படிக் கேட்பவள் ராக்னாதான். பால் பண்ணையும் வாத்துகளுமாக ஊருக்கு வெளியே இருந்தவள். ஆள் பெரிய உடம்பு. அவள் சிரித்தால் சத்தம் வராது. முதலில் தோள் குலுங்கும், பிறகு அவள் உட்கார்ந்திருக்கும் வரிசையே குலுங்கும். "இதெல்லாம் வடிகட்டின பொய்யாச்சேடி, இதைப் போய் இப்படி ரசிக்கிறியே" என்று ஒருநாள் நானே கேட்டேன்.

"பொய்தான். ஆனா பொய்னு சொல்லிட்டே பொய் சொல்றான் பாரு, அது ஒரு மரியாதைடி" என்றாள். "ரேடியோக்காரன் யுத்தச் சேதிய அப்படியா சொல்றான்?"

எங்கள் தேவாலயத்தில் ஆட்டம் பாட்டம் என்றால் ஆகாது. பாதிரியாரின் மனைவி ஹுல்டா அதில் பாதிரியாரைவிடக் கெடுபிடி. அதற்கும் நாங்கள் வழி கண்டுபிடித்தோம். எல்லாரும் பின்னல் ஊசியும் கம்பளி நூலுமாகத் தியேட்டருக்கு வந்தோம். செஞ்சிலுவைச் சங்கத்துக்காகச் சிப்பாய்களுக்குக் காலுறை பின்னுகிறோம்; கை வேலை செய்கிறது, கண் எங்கே பார்த்தால் யாருக்கு என்ன? படம் ஓடும்போது ஹாலில் ஊசிகள் கிட்டுக் கிட்டென்று இடிக்கும். வேறு எந்த ஊர்த் தியேட்டரிலாவது அந்தச் சத்தம் கேட்டிருக்குமா, தெரியாது.

பின்னிய காலுறைகள் எல்லாம் வியாழக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு வரும். சரிபார்ப்பது என் பொறுப்பு. காலுறைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணி, அதாவது ஒரு நூல் வளையம், ஊசியிலிருந்து நழுவியிருந்தாலும் அங்கிருந்து பிரிய ஆரம்பிக்கும், முடிச்சு தட்டினால் நடக்கிறவன் காலில் கொப்புளம் போடும். அப்படிப்பட்டதைப் பின்னியவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதிகமாகத் திரும்பிப் போனது ராக்னாவுடையதுதான். இருட்டில், அதுவும் கடற்படைக்கான கருநீல நூலில் பின்னுகிறவள், சிரிப்பு வந்தால் ஊசியைக் கவனிப்பாளா? அவள் காலுறையில் எங்கெல்லாம் ஓட்டையோ அங்கெல்லாம் ஒரு நல்ல நகைச்சுவை. எந்தப் படம் தேவலை என்று தெரிய நான் பத்திரிகை பார்த்ததே இல்லை.

"ஏண்டி ராக்னா, மறுபடியும் கண்ணியை விட்டுட்டே" என்பேன். "எவனோ ஒரு பையன் காலு கொப்புளிச்சுப் போகும்டி!"

"கொப்புளிக்கட்டும். ஏன்னு கேட்டா, ஒரு தடிச்சி சிரிச்சதால வந்ததுன்னு சொல்லு. அவனும் சிரிப்பான்" என்பாள். பிறகு, "குடு இங்க, பிரிச்சுப் பின்னித் தர்றேன்" என்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வாள். ஒவ்வொரு வியாழனும் இதே பேச்சுதான். எங்களுக்கு அலுக்கவே இல்லை.

சனிக்கிழமைகளில் அவளைத் தியேட்டருக்குக் கூட்டிவந்தவன் அவள் மகன் ஈனார். ஒரே பிள்ளை. ஒல்லிப்பிச்சான். கிறிஸ்துமஸுக்கு வாத்துப் பிடிக்கச் சொன்னால், வாத்து அவனைத் துரத்தும். கால்சட்டை கிழிந்துதான் கடைத்தெருவுக்கு வருவான். அம்மாவும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்குவார்கள். அவன் கடற்படையில் சேர்ந்து போன பிறகும் அவள் தனியாக வந்தாள். அவன் எந்தக் கப்பலில் இருந்தான் என்று சொல்லக்கூடாதாம். அதனால் கடற்படைக்காரன் வருகிற படம் எல்லாவற்றிலும் அவனைத் தேடினாள்.

இலையுதிர்காலத்தில் செய்தி வந்தது. கப்பல் மூழ்கிப் போய்விட்டது, ஈனாரும் போய்விட்டான். பிள்ளை படையில் இருக்கிறான் என்று அவர்கள் வீட்டு ஜன்னலில் தொங்கிய நீல நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, செத்துப்போனவனுக்கான தங்க நட்சத்திரத்தை மாட்டினார்கள். ஊரே பாத்திரம் பாத்திரமாகச் சுடச்சுடச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனது, காபி குடித்தது, பனி இந்த வருஷம் சீக்கிரம் விழும் என்று பேசியது. ஈனார் என்ற பெயரை ஒருத்தரும் வாயால் சொல்லவில்லை. எங்கள் ஊரில் துக்கம் விசாரிக்கிற லட்சணம் அதுதான். எனக்கு அன்று பற்றிக்கொண்டு வந்தது.

அதன் பிறகு ராக்னா தியேட்டர் பக்கமே வரவில்லை. காலுறை மட்டும் தவறாமல் வந்தது. அவள் புருஷன் தோர்வால்ட் வியாழக்கிழமை வந்து, தொப்பியைக் கூடக் கழற்றாமல், மூட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போவார். உள்ளே கையை விட்டுப் பார்ப்பேன். ஒரு கண்ணி பிசகியிருக்காது. மழமழவென்று, கடையில் வாங்கினதுபோல் இருக்கும். வாரா வாரம் அப்படியே. ஒரு ஓட்டையாவது கிடைக்காதா என்று மறுபடியும் கையை விட்டுத் தேடுவேன்.

ஹுல்டா அதில் ஒன்றை எடுத்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். "பாருங்க, எவ்வளவு நேர்த்தி! அந்தக் கூத்தாட்டத்துக்குப் போறதை விட்டதும் கை எப்படித் திருந்தியிருக்கு!"

"கை திருந்தலை, அம்மா. மனுஷி செத்துக்கிட்டிருக்கா" என்றேன். ஹுல்டா அதன் பிறகு ஈஸ்டர் வரை என்னோடு பேசவில்லை. நல்லதாகப் போயிற்று.

நானே பண்ணைக்குப் போனேன். ராக்னா அடுப்படியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். சுற்றி வளைக்க எனக்கு வராது. "வாடி, இந்த வாரம் ஒரு நல்ல படம். சும்மா வந்து உக்காரு" என்றேன்.

அவள் ஊசியை நிறுத்தவில்லை. "எம் புள்ள தண்ணிக்கடியில கெடக்கான், கெர்டா. நான் இருட்டுல உக்காந்து சிரிக்கணுமா? சிரிச்சா அவன அங்கேயே விட்டுட்டு வந்தாப்ல ஆயிடாதா?"

நானும் ஊரைப் போலவே காபியைக் குடித்துவிட்டு, பனியைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அழுதேன்.

பனி உருகத் தொடங்கியபோது ஒரு படம் வந்தது. போயும் போயும் கப்பல் படம். பளபளவென்று வெள்ளையடித்த கப்பலின் மேல்தளத்தில் மாலுமிகள் வரிசையாக நின்று ஆடுகிறார்கள். முதலாளி மெல்வினிடம் சண்டை போட்டேன். "இந்தச் சனியனைத் திருப்பி அனுப்புங்க. ராக்னா கண்ணுல பட்டா என்ன ஆகும்?" "அவதான் வர்றதே இல்லையே, கெர்டா" என்றார் அவர்.

சனிக்கிழமை தோர்வால்டின் லாரி தியேட்டர் எதிரே வந்து நின்றது. இறங்கியது ராக்னா. கையில் பின்னல் பை. நேராக என் ஜன்னலுக்கு வந்து, "ஒண்ணு குடு" என்றாள்.

"இந்த வாரம் படம் சுமார்டி. அடுத்த வாரம் வாயேன்" என்றேன்.

"கப்பல் படமாமே."

"யாரு சொன்னா?"

"வாசல்ல இம்மாம் பெருசா கப்பலை வரைஞ்சு வச்சிட்டு யாரு சொன்னாங்கிறே. நான் என்ன குருடா?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுல சத்தமே இல்லடி. கடிகாரம் மட்டும் அடிக்குது. தாங்கல."

டிக்கெட்டைக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

எங்கள் ஊரில் படத்தை ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. மாடு கறந்து, க்ரீமைப் பால் நிலையத்தில் இறக்கிவிட்டு, கை ஒழியும்போது உள்ளே நுழைவோம். படம் ஓயாமல் சுற்றிச் சுற்றி ஓடும். நாம் நுழைந்த இடம் மறுபடியும் வந்ததும், "இங்கதான் வந்தோம்" என்று சொல்லி எழுந்துவிடுவோம். பாதியில் நுழைந்து முதல் பாதியைக் கடைசியில் பார்ப்பது எங்களுக்குச் சகஜம். ராக்னா நுழைந்தபோது மாலுமிகள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். பின்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், ஊசி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி எட்டிப் பார்த்தேன். அப்படியேதான். தோள் அசையவில்லை என்றுதான் அந்த இருட்டில் எனக்குத் தோன்றியது. மாலுமிகள் ஆடும் இடம் திரும்ப வந்தது. அவளோடு நுழைந்தவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். இவள் வரவில்லை.

தோர்வால்ட் தேடி வந்தார். "வந்த எடம் வந்தா எந்திரிச்சிருவாளே. இன்னுமா?"

"இருக்கட்டும், தோர்வால்ட்."

அவர் சுவரோரமாக நின்றார். ஆடும் காட்சி வந்ததும் எழுந்திருக்கத் தெம்பில்லாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மெல்வினைத் திட்டினேன், ஹாலிவுட்டைத் திட்டினேன், டிக்கெட் கொடுத்த என் கையைத் திட்டினேன். கடைசியில் ராக்னா வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ரோடெல்லாம் சேறா இருக்கும், கெளம்பலாம்" என்று தோர்வால்டிடம் சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டாள். அந்த நாலைந்து நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை அவளே கீழ்த்தளத்துக்கு வந்திருந்தாள். ஓரமாக நின்று எல்லாருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் அவள் மூட்டையை அவிழ்த்து, கருநீலக் காலுறைக்குள் கையை விட்டேன். கணுக்காலுக்கு மேலே என் விரல் வெளியே எட்டிப் பார்த்தது.

இழுத்துப் பார்த்தேன். கண்ணி நழுவியிருந்தது. ஒரு கையகலம் தள்ளி, இன்னொரு இடத்திலும்.

எனக்குக் கண் மறைத்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கீழ்த்தளம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "ஏண்டி ராக்னா, மறுபடியும் கண்ணியை விட்டுட்டே! அதுவும் ரெண்டு எடத்துல!"

அவள் காபிக் கெண்டியை வைத்துவிட்டு வந்தாள். காலுறையைப் பார்த்தாள். "அந்த வாத்துடி" என்றாள்.

படத்தில் ஒரு சமையல்காரன் உண்டு. தளபதி வீட்டு விருந்துக்கு வாத்துப் பிடிக்கப் போவான். வாத்து அவனை மேளக்காரர்கள் நடுவில் ஓட ஓட விரட்டும்.

"வாலைப் போய்ப் பிடிக்கிறான்டி! கழுத்தைப் பிடிக்காம வாலை! அப்புறம் கையைக் கடிச்சதும் மன்னிப்புக் கேக்கிறான், வாத்துகிட்ட! எங்க ஈனார் அப்படியே. அப்படியேதான் கேப்பான்." பெயரைச் சொல்லிவிட்டாள். சுற்றியிருந்தவர்கள் கையிலிருந்த கோப்பைகள் நின்றன. "அவன அங்க விட்டுட்டு வரல, கெர்டா. அவன் இங்கதான் ஓடிக்கிட்டிருந்தான். அதான் இன்னொரு தடவை இருந்து பாத்துட்டு வந்தேன்."

நான் மட்டும் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் அழுதிருப்பேன். "அதெல்லாம் சரி. எவனோ ஒரு பையன் காலு கொப்புளிச்சுப் போகும்டி" என்றேன்.

"கொப்புளிக்கட்டும்" என்றாள் ராக்னா. "ஒரு தடிச்சி சிரிச்சதால வந்ததுன்னு சொல்லு. குடு இங்க, பிரிச்சுப் பின்னித் தர்றேன்." பையில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் கேட்டாள்: "அந்தப் படம் சனிக்கிழமை இருக்கும்ல? தோர்வால்ட் பாக்கணும். அவர் இன்னும் ஒரு தடவைகூட அழலடி. சிரிக்கவும் இல்ல."

"இருக்கும், இருக்கும்" என்றேன். எங்கே இருந்தது? முந்தின நாளோடு முடிந்த படம். கோட்டைக்கூட மாட்டாமல் சேற்றில் ஓடினேன். மெல்வின் படப்பெட்டியை ரயிலுக்கு அனுப்பக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "அவிழ்த்துடுங்க முதலாளி!" என்று பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். என்ன, ஏது என்று அவர் கேட்டார்; சொன்னேன். படத்தைச் சனிக்கிழமை வரை வைத்துக்கொள்ளக் கேட்டு உடனே படக் கம்பெனிக்குப் போன் போட்டார்.

சனிக்கிழமை லாரி சேற்றில் மாட்டிக்கொண்டு அவர்கள் தாமதமாகத்தான் வந்தார்கள். ராக்னா பின்னால் வந்துகொண்டிருந்தாள். தோர்வால்ட் அவளுக்கு முன்னால் வேகமாக வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என் ஜன்னலில் குனிந்தார். அந்த மனிதர் தானாக வாயைத் திறந்து என்னிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

"வாத்து போயிருச்சா?"

"இல்ல, இப்பதான் வரப்போகுது" என்றேன். "ஓடுங்க."