கண்ணில் தேய்க்காத மஞ்சள்

1933 அக்டோபர் 24, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு விழிப்பு. ஆறு மணிக்குக் கருப்பட்டிக் காப்பி. ஆறேகாலுக்குக் குழந்தைக்குப் பால். ஏழு மணிக்குப் பேறுகால மருந்து, ஒரு உருண்டை. மழை. என் பழைய நோட்டில் அந்தத் தேதிக்குக் கீழே எட்டு மணி வரை இருப்பது இவ்வளவுதான். எனக்குத் தலைப்பிள்ளை, பெண், பிறந்து ஐந்தாம் நாள்.

சுசீந்திரத்துக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில் எங்கள் வீடு. பேறுகால அறைக்கு ஒரே ஜன்னல். அதில் சாக்கை மடித்து அடைத்திருந்தார்கள். பதினாறு நாள் குழந்தைமேல் காற்றும் வெளிச்சமும் படக்கூடாது, நான் படி தாண்டக்கூடாது. மாமியாரின் இரண்டு பிள்ளைகள் பிறந்த பத்து நாளுக்குள் சன்னி கண்டு இறந்தவை. சாக்கைத் தம் கையாலேயே செருகினார். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்தியவள் நான். அதை எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிம்னி விளக்கில் சுவர், துணி, என் கை எல்லாமே மஞ்சளாகத் தெரிந்தன.

எட்டு மணிக்குக் குளிப்பாட்டுகிறவள் வந்தாள். தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக் குழந்தையின் தலை முதல் கால் வரை தேய்ப்பாள். தேய்த்துவிட்டு, "பிள்ளைக்க நெறத்தப் பாத்தியளா, பொன்னாக்கும்" என்பாள். நானும் நான்கு நாளாக நோட்டில் "நல்ல நிறம்" என்று எழுதி வந்தேன்.

அன்று வெந்நீர் எடுக்கப் போனவள் கதவைச் சாத்த மறந்தாள். பகல் வெளிச்சம் குழந்தையின் வயிற்றில் விழுந்தது. ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள். எண்ணினேன், பதினேழு. பெருவிரலால் அழுத்தினேன். கொசு கடித்த தடிப்பு அழுத்தினால் வெளுக்கும். இவை வெளுக்கவில்லை.

மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கொசு கடிச்சதாக்கும். இதுக்கா இந்தக் கூப்பாடு?" என்று சொல்லிக் கதவை இழுத்துச் சாத்தினார்.

பத்து மணிக்குக் குழந்தை பால் குடிக்க எழவில்லை. பன்னிரண்டுக்கு எழுப்பினேன். நாலு வாய் குடித்துத் தூங்கிவிட்டது. உதட்டோரத்தில் நூல் போல இரத்தம். ஒரு மணிக்குக் கணவர் சாப்பிட வந்தார். கதவுக்கு இந்தப் பக்கமிருந்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன்.

"அம்மைட்ட கேட்டுச் சொல்லுகேன்."

திரும்பி வந்து, "மழையும் காத்தும். பதினாறு கழியட்டும்னு சொல்லுகா" என்றார். அவர் செருப்புச் சத்தம் முற்றம் தாண்டிப் போவது வரை கதவில் கை வைத்து நின்றேன். தாழ்ப்பாள் கொண்டி வெளியில் இல்லை, உள்ளேதான் இருந்தது. ஆனாலும் நான் திறக்கவில்லை.

இரண்டு மணிக்குப் புள்ளி இருபத்தொன்பது. பயற்றமாவும் வெள்ளைத் துணியும் எடுத்துக் குழந்தையின் ஒரு குதிகாலை மட்டும் மெதுவாகத் துடைத்தேன். முதல் துடைப்பில் துணி மஞ்சளானது. நான்காவது துடைப்பில் துணி வெள்ளையாகவே வந்தது. குதிகால் மஞ்சளாகவே இருந்தது.

நாலு மணிக்குக் குளிப்பாட்டுகிறவள் எனக்கு வெந்நீர் ஊற்றி வேது வைக்க வந்தாள், மாமியாரும் கூட வந்தார். இருவரிடமும் துணியையும் குதிகாலையும் காட்டினேன்.

"ஊறின மஞ்சளாக்கும். நாலு நாளா தேய்ச்சது சும்மாவா போவும்?" என்றார் மாமியார்.

குளிப்பாட்டுகிறவள் குழந்தையை வாங்கிக் கதவருகே கொண்டுபோய் இமையை விரலால் விலக்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா, கண்ணுக்குள்ள நான் மஞ்சள் தேய்க்கலியே."

மாமியாரும் குனிந்து பார்த்தார். பிறகு ஜன்னலுக்குப் போய்ச் சாக்கை உருவிக் கீழே போட்டார். மழைச்சாரல் கட்டில்மேல் அடித்தது. "மாட்டைப் பூட்டச் சொல்லுங்கோ" என்றார், யாரையும் பார்க்காமல்.

கணவரும் மாமியாரும் கூட வர, மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரி சேர ஆறு மணி. டாக்டரம்மா குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் தடவி, நுண்ணோக்கியில் பார்த்தார். குத்திய இடத்தில் கசிவு நிற்க நாலு பஞ்சு ஆனது.

"பிறந்த பிள்ளைகள் பலருக்கும் மஞ்சள் வரும், போகும்" என்றார். "இரத்தத்தை உறையவைக்கிற சிறு துகள்கள் இவளுக்கு மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்து வந்திருப்பதுதான் எனக்குப் பயம்."

என் கணவரின் கையிலிருந்து இரத்தம் எடுத்துக் குழந்தையின் தொடைத் தசையில் ஊசியால் ஏற்றினார். அந்த இடம் நீலமாகத் தடித்தது. இதற்குமேல் தம்மிடம் மருந்து இல்லை என்றார்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"எண்ணுங்கள். புதிதாக வந்தால் கூப்பிடுங்கள்."

ஏழு மணிக்கு வெளிக்கதவைப் பூட்டினார்கள். ஆண்கள் தங்கக்கூடாது என்று கணவரை அனுப்பிவிட்டார்கள். பெரிய ஜன்னல்கள், இரும்புக் கம்பிகள், அடைக்கச் சாக்கு இல்லை. மாமியார் காற்று வரும் பக்கமாக முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டார். விளக்கில் எண்ணியபோது நாற்பத்து மூன்று. நோட்டில் எழுதினேன். வேறொன்றும் எழுதவில்லை.

25, புதன்கிழமை. காலை ஆறு மணி. மாமியார் காப்பியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலின் இரண்டு கதவுகளையும் திறந்தார். குழந்தையை அந்த வெளிச்சத்தில் கிடத்தி, மார்பிலிருந்து தொடங்கி எண்ணினேன். நாற்பத்து மூன்று.

"இன்னொரு தடவை எண்ணு மக்ளே" என்றார்.