கீர்த்தி சொன்ன 'வாரீக'

ஆசிரியர் சங்கம் அழைத்த மறியலில் கைதாகி, ஒரு பகல் முழுக்கக் கல்யாண மண்டபத்தில் அடைபட்டுக் கிடந்தவர் யோகலட்சுமி டீச்சர். எங்கள் வட்டாரத்தில் சங்கச் செயலாளரான முதல் பெண்ணும் அவர்தான். அவரே சங்கத் தீர்மானத்துக்குக் கை தூக்க மாட்டேன் என்று நின்றார்.

ஒக்கூர்ப் பக்கம் ஒரு ஈராசிரியர் பள்ளியில் நானும் அவரும் வேலை பார்க்கிறோம். என் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமைதான். அதனால் நாடு முழுக்க ஒரே வாசிப்புச் சோதனை வைக்கும் தேசியக் கற்றல் தரம் வந்தபோது சந்தோஷப்பட்டேன். டெல்லிப் பிள்ளைக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல். இவர்களுக்கு இவ்வளவு போதும் என்று எவனும் சொல்ல முடியாது.

டீச்சருக்குச் சந்தேகம் வந்தது கீர்த்தியால். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. வாசிப்புச் சோதனைக்கு வெளியூரிலிருந்து வந்தவர் தாளை நீட்டினார். 'மாமா, எப்போது வருகிறீர்கள்?' என்று அச்சடித்திருந்தது. கீர்த்தி தயங்காமல், "மாமா, எப்ப வாரீக?" என்றாள். தப்பு. தாள் முழுக்க அப்படியே வாசித்தாள், முழுக்கத் தப்பு. 'வாசிக்கத் தெரியாதவர்' பிரிவில் போட்டுவிட்டுப் போனார்.

"படிச்சு, புரிஞ்சு, தன் வாயால சொல்லுது. இதுக்குப் பேரு வாசிக்கத் தெரியலையா?" என்றார் டீச்சர்.

"தாள்ல இருக்கிறதைத்தானே டீச்சர் வாசிக்கணும்?" என்றேன்.

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க சார்."

தேசியத் தரத்தை ஆதரித்துத் தீர்மானம் போடச் சங்கம் கூட்டிய கூட்டத்துக்கு முந்தின நாள், சங்கத்தின் மாவட்டத் தலைவர் தண்டாயுதபாணி போன் செய்தார். டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார்.

"தங்கச்சி, இதை எதிர்த்தா வாத்தியாருக வேலைக்குப் பயப்படுறாகன்னு பேசுவாக. ஆதரிச்சாத்தான் காலியிடத்தை நிரப்புன்னு கேக்க முடியும். ரெண்டு பேரு அஞ்சு வகுப்பை இழுக்குறீக, ஆளு வேணாமா? கை தூக்கலைன்னா நீ பொறுப்புல இருக்க முடியாது, பாத்துக்க."

திருப்பத்தூரில் கூட்டம். தலைவர் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் நேரத்துக்கு வந்திருக்கீக, ரொம்ப சந்தோஷம்."

டீச்சர் எழுந்தார். "தப்புண்ணே. 'வந்திருக்கிறீர்கள்.' இப்ப நீங்களும் வாசிக்கத் தெரியாதவுக."

மண்டபமே சிரித்தது. தலைவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "நான் பேசினேன் தங்கச்சி, வாசிக்கல" என்றார்.

"என் பிள்ளை ரெண்டையும் சேத்துச் செஞ்சிருச்சு. அதுக்கு எட்டு வயசு. ஊர்ப் பேச்சுல வாசிச்சாத் தப்பில்லைன்னு தீர்மானத்துல ஒரு வரி சேருங்க. ரெண்டு கையையும் தூக்குறேன்."

"மேல முடிவானது. ஒரு எழுத்து மாத்த முடியாது. ஆதரிக்கிறவுக கை தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. என் கையும். பொது அளவுகோல் வேண்டும் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

டீச்சரின் கை மடியிலிருந்த பையை விட்டு நகரவில்லை.

"செயலாளர்?" என்றார் தலைவர்.

டீச்சர் பையைத் திறந்து, சங்க முத்திரையை எடுத்துப்போய் மேசையில் வைத்தார். "திங்கக்கிழமை அந்தப் பிள்ளை முகத்தை நான் பாக்கணும்ணே. உறுப்பினரா இருப்பேன். சந்தா வந்துரும்."

திரும்பும் பஸ்ஸில் அவர் பக்கத்து இடம் காலியாக இருந்தும் நான் கம்பியைப் பிடித்து நின்றேன். ஊர் நெருங்கும்போது ஜன்னல் ஓரம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"உக்காருங்க சார். ரொம்ப நேரமாக் கையைத் தூக்கியே வச்சிருக்கீக. வலிக்கப் போகுது."