கடவு விடாத வேலி

சிறுவாச்சூருக்குக் கிழக்கே மாட்டுப் பண்ணை வந்தது எழுபத்து நாலில். அதற்கு முன்னால் அந்தப் பக்கத்தில் வேலி என்றால் கருவேல முள்தான், வேலிக்காரன் என்றால் ராசாங்கம்தான். எந்த வேலி அடைத்தாலும் தண்ணிக்குப் போகிற பக்கம் ஒரு கடவு விட்டுவிடுவான். கவட்டையாகப் பிரிந்த கவைக்கால் ஒன்றை நட்டு வைத்தால் ஆள் ஒருக்களித்து நுழையலாம், மாடு நுழையாது. நிலத்துக்காரரைக் கேட்டுக்கொண்டெல்லாம் விடுவதில்லை. ஊருக்கு வேலிக்காரன் செய்ய வேண்டிய மரியாதை அது.

பண்ணைக்கு முள்கம்பிச் சுருள் லாரியில் வந்து இறங்கியது. "கடவு கிடவு எல்லாம் கூடாது" என்றார் மேனேஜர். ராசாங்கம் மாடு மாதிரித் தலையாட்டினான். புதுப் பண்ணையைப் படம் பிடிக்க அன்றைக்கு ஆள் வந்திருந்ததால், மேனேஜர் அவனுக்கு ஒரு காக்கிச் சட்டை கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். வெற்றுடம்போடு வேலை செய்து பழகியவனுக்கு அந்த இரவல் சட்டை ஒரு மணி நேரத்தில் தலைக்கேறிவிட்டது.

கம்பியை இழுத்துக் கட்டி முடித்தபோது அந்தப் பக்கம் குடத்தோடு இருசம்மாள் வந்து நின்றாள். அவனுடைய அக்கா. தாய் செத்த பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

"தம்பி, ஒரு கடவு வுடுடா. கெணத்துக்குச் சுத்திப் போனா ரெண்டு மைலு வருது."

மேனேஜர் திரும்பினார். "யாருய்யா அந்தப் பொம்பள?"

கிழிசல் புடவையும் சாணிக் கையுமாக நின்றவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தெரியலைங்க சார். ஊர்ப் பொம்பள யாராச்சும் இருக்கும்" என்றான் ராசாங்கம். நெஞ்சை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். படம் எடுத்தாயிற்று. அக்கா குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு சுற்றுவழியில் நடந்தாள்.

பத்து வருசம் அப்படித்தான் நடந்தாள். ஒரு நாளாவது கேட்டிருந்தால், ஏசியிருந்தால், அவன் காலில் விழுந்து தொலைத்திருப்பான். அவளோ கருவாட்டுக் குழம்பு வைத்தால் வழக்கம்போல ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். அதைத் தின்னும்போதெல்லாம் அவனுக்குக் கூசியது. பண்ணையில் கொடுத்த படத்தைத் தகரப் பெட்டியின் அடியில் போட்டு வைத்திருந்தான்.

எண்பத்து நாலு ஆடியில் இருசம்மாள் செத்துப்போனாள். பிறந்த வீட்டுக் கோடித் துணியை ராசாங்கம்தான் போட்டான். கருமாதிக்கு மாலை போட அவளுக்கு ஒரு படம் கிடையாது என்று அவள் மகன் தர்மன் மாய்ந்து மாய்ந்து அழுதான்.

மூன்று நாள் ராசாங்கம் தகரப் பெட்டியின் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் பெட்டியைத் திறந்து, படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு பெரம்பலூருக்குப் பஸ் ஏறினான்.

ஸ்டுடியோ அழகேசன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முன்னால சிரிக்கிறது நீங்கதான். பின்னால நிக்கிற இந்தம்மா யாருங்க?"

"எங்க அக்கா" என்றான். பத்து வருசம் கழித்துச் சொல்லி என்ன?

"முகத்த மட்டும் பெருசு பண்ணித் தரேன். கழுத்துக்குக் குறுக்க முள்கம்பி ஓடுது. டச் பண்ணி எடுத்துடவா?"

"எடுத்துடுங்க" என்றான் அவசரமாக. ஒரு ஆறுதல் வந்தது, அந்த ஆறுதலே வெட்கமாக இருந்தது.

கருமாதியன்று படம் மாலையோடு நடு வீட்டில் இருந்தது. கம்பி இல்லை, பண்ணை இல்லை, சிரித்தவனும் இல்லை. சொந்தபந்தமெல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்க, தர்மன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் மாமா, அம்மா நேரா பாக்கலியே. ஓரமா யாரையோ பாக்குது. யார பாக்குது?"

தெரியலை என்ற சொல் மறுபடியும் ராசாங்கத்தின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினான்.

"என்னையத்தான்டா" என்றான். "இவ யாருன்னு ஒருத்தர் கேட்டாரு. தெரியலைன்னு சொன்னேன். அப்ப எடுத்த படம் இது."