எங்கள் நீச்சல் தடாகத்தை மூடிய விதம்

நாற்பத்தொன்பதாவது வயதில்தான் நான் நீந்தப் பழகினேன். ஜேர்மனியில் வுப்பர்டாலுக்கு அடுத்த ஒரு சிறு நகரத்தில், முதியோர் இல்லச் சமையலறையில் இருபது வருடம் நின்றபடி வேலை செய்ததில் என் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. தண்ணீருக்குள் நடந்து பழகுங்கள் என்றார் மருத்துவர். நகரசபையின் நீச்சல் தடாகத்தில் செவ்வாய்க்கிழமைகளில் பெண்களுக்கென்று ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருந்த ஊர்க்கார அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அக்காவுக்கு அறுபத்தாறு வயது. இடுப்பில் சத்திரசிகிச்சை செய்தவர். முதல் நாள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஏலாது பிள்ளை, நான் தாண்டு போவன்" என்று நின்றார். நான்கு மாதத்தில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நீந்தினார். வீட்டுப் படியேறும்போது ஊன்றுகோலைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறினார்.

பிறகு உக்ரைனில் யுத்தம் வந்தது. ரஷ்யாவின் எரிவாயு நின்றது. வீட்டில் ஹீட்டரைக் குறையுங்கள், குளிப்பதைச் சுருக்குங்கள் என்று தொலைக்காட்சியில் அமைச்சர்கள் சொன்னார்கள். நாங்கள் கம்பளிச் சட்டைக்குமேல் இன்னொன்றைப் போட்டுக்கொண்டோம். தடாகத்தின் சூட்டையும் குறைத்தார்கள். அக்கா உதடு நீலம் பாரிக்கச் சொன்னார்: "பறவாயில்லை. அங்க சனம் இதைவிடக் குளிருக்குள்ள கிடக்குது."

இலங்கையில் யுத்தம் பார்த்த எங்களுக்கு யாரும் அதை விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. கேட்டதைக் கொடுத்தோம்.

தட்டுப்பாடு தீர்ந்ததாகச் செய்தியில் சொன்னார்கள். தண்ணீர் மீண்டும் சூடாகும் என்று காத்திருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை போனபோது கதவில் தாள் ஒட்டியிருந்தது. வருட முடிவோடு தடாகம் நிரந்தரமாக மூடப்படும், நகரசபையின் நிதிநிலை இடம் கொடுக்கவில்லை. துவாய்ப் பையுடன் நின்று அதை இரண்டு முறை வாசித்தேன்.

அந்தக் காலத்தில்தான் பெர்லினில், அரசின் கடனுக்குச் சட்டம் போட்ட வரம்பை ஆயுதங்களுக்காகத் தளர்த்தியிருந்தார்கள். அதற்கு முன்பு, தள்ளாடிய எரிவாயு வியாபாரத்தை அரசே தாங்கிப் பிடித்தது. அதெல்லாம் தேவையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. ஆனால் மேலே மனம் வைத்தால் வளைகிற சட்டம், கீழே ஒரு தடாகத்துக்கு மட்டும் இரும்பாக நிற்பது எனக்கும் தெரியும்.

மூடுவதை உறுதிசெய்யும் வாக்கெடுப்புக்கு முந்தைய நகரசபைக் கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி கேட்கலாம். அக்காவுடன் போனேன். என் முறை வந்ததும் ஒலிவாங்கி முன் எழுந்து நின்று, எரிவாயு விலை இறங்கிய பிறகும் எதற்காக மூடுகிறீர்கள் என்று ஜேர்மன் மொழியில் கேட்டேன்.

நிதிப் பொறுப்பாளர் பொறுமையான மனிதர். குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "உலகச் சந்தை எங்கள் கையில் இல்லை, அம்மணி. மேலிடம் எங்கள் மேல் புதிய பொறுப்புகளைச் சுமத்துகிறது, அதற்கான பணத்தை அனுப்புவதில்லை."

"அப்படியென்றால் மேலிடத்திடம் சண்டை பிடியுங்கள். ஏன் எங்களிடமிருந்து எடுக்கிறீர்கள்? குளிரைத் தாங்குங்கள் என்றீர்கள், தாங்கினோம். அதற்குக் கைம்மாறு இதுவா?"

அவர் புன்னகைத்தார். "நீங்கள் மிக நன்றாக ஜேர்மன் பேசுகிறீர்கள்."

மண்டபத்தில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நான் மொழிப் பரீட்சைக்கு வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இரும் பிள்ளை. சனம் பார்க்குது."

உட்கார்ந்துவிட்டேன். அன்று அக்காமேலும் கோபம் வந்தது. பஸ் தரிப்பில் அக்காதான் பேச்சை எடுத்தார்.

"நான் இழுத்தது பிழை. உம்மைக் கதைக்க விட்டிருக்க வேணும். முப்பது வருசமா இந்த ஒபிசுகளில பயந்து பயந்தே பழகிப்போச்சு."

அதற்குப் பிறகு அவரை எப்படிக் கோபிப்பது?

வாக்கெடுப்பில் பெரும்பான்மை வாக்கு மூடுவதற்கே விழுந்தது. பக்கத்து நகரத்துத் தடாகத்தில் எங்களுக்கு இடம் தந்தார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். அக்கா இரண்டு முறை வந்தார். மூன்றாவது கிழமை வீதியில் பனி உறைந்திருந்தது. "நீர் போயிட்டு வாரும், நான் பிறகு வாறன்" என்றார். அதன்பிறகு வரவேயில்லை. இப்போது படியில் கால்களை ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு வாங்குகிறார்.

நகரசபைக்கு நான் எழுதிய நீண்ட கடிதத்துக்கு ஆறு கிழமை கழித்துப் பதில் வந்தது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் ஈடுபாட்டுக்கு மனமார்ந்த நன்றி சொல்லியிருந்தார்கள்.

"சரி, எப்ப திறப்பினமாம்?" என்று கேட்டார் அக்கா.

திறக்க மாட்டார்கள் என்றேன்.

"பிறகேன் நன்றி?" என்றார்.