மே மாதத்தைத் திறந்து வைத்தவர்

மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தால் அக்கா மாடிப்படியின் கீழே வந்து நிற்பார். கையில் ஒரு மூங்கில் தட்டு இருக்கும். விருந்தினர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கி வந்து, அறைச் சாவியை அந்தத் தட்டில் போட்டுவிட்டு வெளியேறுவார்கள். யாராவது தாமதித்தால் அக்கா குரல் கொடுக்க மாட்டார். தட்டை லேசாகக் குலுக்குவார். அந்தச் சாவிச் சத்தத்துக்கு, மேல்மாடியில் தலை துவட்டிக்கொண்டிருப்பவர்கள்கூட ஈரத் தலையோடு இறங்கி வந்துவிடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பார்த்த காட்சி அது. இவ்வளவு கண்டிப்பான ஓர் அம்மாளிடம் எப்படிக் காலம் தள்ளப்போகிறோம் என்று பயந்துபோனேன்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே தள்ளியிருந்தது அந்த கெஸ்ட் ஹவுஸ். முதலாளி பிரான்சில் இருந்தார்; வீட்டை நிர்வகித்தது, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட அந்த அம்மாள்தான். வீடு அவருடைய அம்மாவின் சொத்து, பன்னிரண்டு மணி வழக்கமும் அந்த அம்மா ஏற்படுத்தியதுதான். மணி அடித்ததும் அறைகள் காலியாகும், தரை கழுவப்படும், பிறகு தெருவோடு சேர்ந்து வீடும் நான்கு மணி வரை தூங்கும். மதியம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்குவதை எங்கள் டவுனில் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அது ஒரு முறை. வெளியே போன விருந்தினர்கள் எங்காவது சாப்பிட்டுவிட்டு, மர நிழலாகப் பார்த்து நடந்து, கடற்காற்று வாங்கி, சாயங்காலம் பஸ் ஏறுவார்கள். வெயில் பொறுக்கிற அளவில் இருந்தவரை அதில் யாருக்கும் குறை இருக்கவில்லை.

என் ஊர் அரியாங்குப்பத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். பயிர் வைக்கிற குடும்பம். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சுற்றுலாப் படிப்பில் சேர்ந்தேன் என்று சொன்னபோது அப்பா நெடுநேரம் யோசித்துவிட்டு, “ஊர் சுத்தறதுக்கு ஒரு படிப்பாடா?” என்று கேட்டார். அக்காவிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து நான் ‘ஊர்சுத்தித் தம்பி’ ஆனேன். அக்கா டவுனிலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். கணவர் இல்லை, இரண்டு பெண்கள். பிரெஞ்சு விருந்தினர்களோடு தடையில்லாமல் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் ‘அலோர்’ என்று பிரெஞ்சில் தொடங்கித் தமிழில் முடிப்பார்.

முன்பெல்லாம் ஜூலை, ஆகஸ்டில்கூட வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு அப்போதுதான் விடுமுறை. நான் சேர்ந்த காலத்தில் அது நின்றுபோயிருந்தது. குளிர் மாதங்களில் வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வாரக் கடைசியில் வருகிறவர்களும், கத்திரி தொடங்கிவிட்டால் மலைப்பக்கம் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும் பகல் முழுக்க அறையில் அடைந்து கிடந்துவிட்டு, “உங்க ஊர்ல மனுஷன் எப்படி இருக்கான்?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஓர் ஏப்ரலில் முதலாளி போன் செய்தார். மே, ஜூன் இரண்டு மாதமும் வீட்டைப் பூட்டிவிடலாம், ஊழியர்கள் ஜூலையில் வந்தால் போதும் என்றார். பேச்சு தன்மையாகத்தான் இருந்தது. சமையல் மாஸ்டர், அறை துடைக்கிற இரண்டு பெண்கள், நான் எல்லோரும் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அக்காவின் பெரிய பெண் நர்சிங் சேரவிருந்த வருடம் அது. அக்கா குரலை உயர்த்தவில்லை. “இந்த ஒரு மே மாசத்த மட்டும் எங்கிட்ட விடுங்க, முசியே. நீங்களே வந்து பாருங்க. வீடு காலியாக் கெடந்தா நானே பூட்டி சாவிய உங்க கையில குடுத்துடறேன்” என்றார். முதலாளி ஒத்துக்கொண்டார். போனை வைத்த பிறகு அக்கா என்னிடம் மட்டும் சொன்னார்: “ரெண்டு மாசம் பூட்டிக் கெடக்கிற வீட்ட மூணாவது மாசம் விலை பேசுவாங்க, தம்பி. அப்புறம் ஜூலையாவது ஒண்ணாவது.”

நான் படித்த படிப்பைக் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். நீலக் கடலையும் மஞ்சள் சுவரையும் விதவிதமாகப் படம் பிடித்து இணையத்தில் போட்டேன். வெயில் என்ற சொல்லே எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன். சேலத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, வயதான மாமனார். மூன்றே பேர்தான் என்றாலும் வீட்டில் ஆள் சத்தம் கேட்பது எங்களுக்குத் தெம்பாக இருந்தது. கிளம்பும் நாளில் மணி அடித்தது. அக்கா தட்டோடு வந்து நின்றார், அவர்களும் மறுபேச்சில்லாமல் சாவியைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஊருக்குப் பஸ் சாயங்காலம்தான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஆட்டோக்காரர் கதவைத் தட்டினார். கடற்கரைச் சாலையில் அந்தப் பெரியவர் நடந்துகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். உடம்பு கொதித்தது, பேச்சு குழறியது. கீழறையில் படுக்க வைத்து, ஈரத் துணியால் உடம்பு முழுக்கத் துடைத்தோம். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து, நல்ல நேரத்தில் கொண்டு வந்தீர்கள் என்றார். பெரியவர் கண்ணைத் திறந்து மோர் கேட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் அந்த மருமகள் நடைக்கு வந்து நின்றார். தரை கழுவுவதற்காக எல்லா அறைக் கதவுகளும் திறந்து கிடந்தன. விரித்த படுக்கை விரித்தபடி இருந்தது.

“எல்லா ரூமும் காலியாத்தானே இருக்குது? அப்புறம் யாருக்காக எங்கள வெளிய அனுப்புனீங்க?”

கத்தவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். அடுத்து வருகிறவர்களுக்காக அறையைக் காலி செய்யச் சொல்வது வழக்கம்; அடுத்து வருகிறவர்களே இல்லாத மாதத்திலும் மணிச் சத்தம் கேட்டதும் எங்கள் கை தானாகத் தட்டை எடுத்திருந்தது. அந்தக் குடும்பத்தை அன்றிரவு வரை இருக்கவைத்து, வெயில் தணிந்த பிறகு அக்காவே பஸ் நிலையம் வரை போய் ஏற்றிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை எங்கள் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தார். முதலாளியிடம் கேட்கவில்லை. இனிமேல் மே மாதத்தில் இந்த வீட்டுக்கு நாள் என்பது சாயங்காலம் தொடங்கும் என்றார். பொழுது சாய்ந்த பிறகுதான் விருந்தினர் வருவதும் கிளம்புவதும். விடிகிற நேரத்தில் கடற்கரை நடை, அதற்கு நான் பொறுப்பு. வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும். மதியச் சாப்பாடு வீட்டிலேயே, கூழோ தயிர்ச்சோறோ. பிறகு ஜன்னல்களில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டு, தெருக்கதவைத் தாழிட்டுவிட்டு, ஊர் தூங்குகிற மாதிரி விருந்தினர்களும் தூங்க வேண்டும். மேல்மாடி அறைகள் அடுப்பு மாதிரி கொதிக்கும், அவற்றை யாருக்கும் தரக் கூடாது. மாஸ்டர் வீராம்பட்டினத்துக்காரர், வாய் சும்மா இருக்காது. “எல்லா ஊர்லயும் சூரியனப் பாத்து எழுந்திருப்பாங்க. இங்க சூரியனப் பாத்துப் படுக்கணுமா?” என்றார். “படுத்துப் பாருங்க மாஸ்டர், உங்க குறட்டைக்கு டிக்கெட் போடறேன்” என்றார் அக்கா. அறை துடைக்கிற பெண்களுக்குத்தான் சிக்கல் வந்தது. மாலையில் வேலை என்றால் வீட்டுக்குப் போக இருட்டிவிடும். அக்கா அவர்களோடு சண்டை போடவில்லை. அவர்களைக் காலையில் வரச் சொல்லிவிட்டு, மாலை வேலையைத் தன் பேரில் எழுதிக்கொண்டார். சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு வாளியோடு அவர் நிற்பதைப் பார்த்து நானும் ஒரு துடைப்பத்தை எடுத்தேன். பட்டம் வாங்கியது இதற்கா என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த வீட்டை மூடிவிடக் கூடாது, அவ்வளவுதான் மனதில் இருந்தது.

எனக்கும் அக்காவுக்கும் முட்டிக்கொண்டது வேறொரு இடத்தில். அறை கேட்டு யார் போன் செய்தாலும் அவர் முதலில் சொன்னது, “இங்க வெயில் கடுமையா இருக்குது. பகல்ல உங்கள வெளிய விடமாட்டேன். சம்மதம்னா வாங்க” என்பதுதான். இப்படிச் சொன்னால் யார் வருவார்கள் என்று வாதாடினேன். எந்தப் பாடப் புத்தகத்திலும் இப்படி இல்லை என்றேன். “அலோர், அந்தப் புத்தகத்த எழுதினவர மே மாசம் இங்க நடக்கச் சொல்லுங்க, தம்பி” என்று சொல்லிவிட்டு அடுத்த போனை எடுத்தார். சிலர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். சிலர் வந்தார்கள். குழந்தைகளை வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாதவர்கள், தூக்கத்துக்கு ஏங்கிக் கிடந்த பெங்களூர் ஆபீஸ்காரர்கள். பகலில் தூங்கவைக்கிற வீடு என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கீழறைகள் மெதுவாக நிறைந்தன.

மே மாதக் கடைசியில் முதலாளி முன்கூட்டிச் சொல்லாமல் வந்துவிட்டார். சென்னையில் விமானம் இறங்கி நேராகக் காரில் வந்தவர், உச்சி வெயிலில் வாசலில் நின்றார். ஜன்னல்கள் மூடி, கதவு சாத்தியிருந்தது. அக்கா ஒற்றைக் கதவைத் திறந்து, உதட்டில் விரல் வைத்தார். முதலாளி, “பூட்டிட்டீங்களா? நானும் அதத்தான் நெனச்சேன்” என்றார் தாழ்ந்த குரலில்.

“பூட்டல, முசியே. எல்லாரும் உள்ள தூங்கறாங்க.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடையில் மெல்ல நடந்தார். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் மின்விசிறிச் சத்தம், ஓர் இடத்தில் குழந்தையின் சிணுங்கல், மறு இடத்தில் குறட்டை. தனக்கு அறை இருக்கிறதா என்று கேட்டார். மேல் அறைதான் காலி, அதைத் தர மாட்டேன் என்றார் அக்கா. தன் சொந்த வீட்டுக் கூடத்தில், எனக்குப் பக்கத்தில், பாய் விரித்துப் படுத்தார் முதலாளி. நான்கு மணிக்கு எழுந்தபோது முகத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. மாடி காலியாகக் கிடக்கிறதே என்று மட்டும் கேட்டார். “மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு பதிச்சுக் குடுங்க, தர்றேன். ஆள வேக வெச்சு வாடகை வாங்க மாட்டேன்” என்றார் அக்கா. முதலாளி ஊருக்குத் திரும்புமுன் ஓடு பதிக்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். பூட்டு பற்றிய பேச்சு அதோடு நின்றது.

அக்கா இப்போது நர்ஸ் மகளோடு சென்னையில் இருக்கிறார். அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கத்திரிக்குக் காத்திருக்காமல் மார்ச்சிலேயே வெயில் ஏறிவிடுகிறது. நாங்களும் மார்ச்சிலேயே நாளைத் திருப்பிப் போட்டுவிடுகிறோம். ஆனால் எங்கள் அடுப்பை எரியவைத்த குளிர் மாதங்களும் இப்போது பழைய மாதிரி இல்லை. சென்ற முறை ஒரே இரவில் கொட்டிய மழையில் தெருத் தண்ணீர் நடைக்குள் வந்தது, விருந்தினர்களைப் படகில் ஏற்றி அனுப்பினோம். இந்த வருடக் கடைசிக்கும் எல்லா அறைகளும் பதிவாகியிருந்தன. புயல் எச்சரிக்கை வந்த அன்று காலை, பதிவு செய்திருந்த ஒவ்வொருவரையும் நானே கூப்பிடத் தொடங்கினேன். முதலாளி பதறிப்போய்ப் பேசினார். “சீசன்ல யாராவது வராதீங்கன்னு சொல்வாங்களாப்பா?”

“நான் சொல்றேன், முசியே” என்றேன்.

அடுத்த எண் பெங்களூரில் ஒரு பெண்மணி. பின்னால் குழந்தைகள் பெட்டிக்குள் எதையோ திணித்துக்கொண்டு சண்டை போடுவது கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். பெட்டியில் வைத்ததை எல்லாம் வெளியே எடுக்கச் சொல்லிக் குழந்தைகளை அதட்டினார். பிறகு, அப்படியென்றால் எப்போதுதான் வருவது என்று சலிப்போடு கேட்டார்.

“மே மாசம் வாங்கம்மா” என்றேன். “வெயில் இருக்கும். அதுக்கு எங்ககிட்ட வழி இருக்குது.”