சங்கிலிமுத்துவின் கொடி நோட்டு

சங்கிலிமுத்துவுக்குக் கண் ரொம்பக் கூர்மை என்று யாராவது புகழ்ந்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கண்ணை வைத்துத்தான் அவரை ஏமாற்றினார்கள்.

1961இல் விஸ்வநத்தத்துக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அங்கே மருந்து அடைக்கும் ஷெட்டுகள் பதினாறு. ஒன்று வெடித்தாலும் அடுத்தது தப்பட்டும் என்று கரிசல் காட்டில் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் நாலு பெண்கள். கடைசி ஷெட்டில் ஒருத்திக்கு ஏதாவது ஆனால், இன்னொருத்தி ஆபீசுக்கு ஓடி வந்து சொல்லவே கால் மணி நேரம் ஆகும்.

புதிதாக வந்த மேனேஜர் காளிராஜ் இதற்கு ஒரு வழி சொன்னார். ஷெட்டுக்கு ஒரு கம்பு, இரண்டு கொடி. வேலை ஒழுங்காக நடந்தால் வெள்ளை, கோளாறு என்றால் சிவப்பு. ஆபீஸ் மொட்டை மாடியில் ஒரு ஆள் அரை மணிக்கு ஒருதரம் பதினாறு கொடியையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். சிவப்பைக் கண்டால் உடனே ஜீப்பை அனுப்ப வேண்டும். அந்த ஆள் சங்கிலிமுத்து. அவருக்கும் காளிராஜுக்கும் சொந்த ஊர் மல்லாங்கிணறு, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

பெண்கள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “எங்கள வேவு பாக்கவா மேல ஏறி உக்காருதீக?” என்று நாலாம் ஷெட்டு மூக்கம்மாள் முகத்துக்கு நேரே கேட்டாள். அதே ஷெட்டில்தான் சங்கிலிமுத்துவின் தங்கை மாரித்தாயும் வேலை பார்த்தாள். காளிராஜ் தந்திரமாக சங்கிலிமுத்துவையே பேச அனுப்பினார். அவரும் பதினாறு ஷெட்டுக்கும் நடந்தார். “ஆபத்துன்னா ஓடி வரத்தான் தாயி இந்த நோட்டு. வேற எதுக்கும் இல்ல. என்னய நம்புங்க” என்றார். நம்பினார்கள்.

இரண்டு வருஷம் நோட்டு நன்றாகத்தான் நடந்தது. சரி, கோளாறு என்று இரண்டு சொல்லில் முடிக்க வேண்டிய வேலைக்குச் சங்கிலிமுத்து உயிரைக் கொடுத்தார். ஜீப் போய் வந்ததும் டிரைவரிடம் விசாரித்து, இன்னார், இன்ன காரணம் என்று அழகான கையெழுத்தில் எழுதி வைப்பார். ‘நாலாம் ஷெட், மூக்கம்மாள், தலைசுற்றல். வெந்நீர் கொடுத்து நிழலில் படுக்க வைத்தது.’ மறுபடி வந்தால் டாக்டருக்குச் சொல்ல உதவும் என்பது அவர் எண்ணம்.

1963 தீபாவளி முடிந்தது, ஆர்டர் படுத்தது. ஆளைக் குறைக்கச் சொல்லி முதலாளி உத்தரவு போட்டார். யாரைக் குறைப்பது என்று காளிராஜ் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் பெயர் இருந்த ஒன்பது பெண்களையும் ஒரே காலையில் வீட்டுக்கு அனுப்பினார். முதல் பெயர் மூக்கம்மாள். கேட்டில் நின்று அவள் ஏசிய ஏச்செல்லாம் காளிராஜை அல்ல, மாடியில் நின்றவரை.

சங்கிலிமுத்து இறங்கி வந்து மேனேஜர் அறைக்குள் போனார். கதவு திறந்தே கிடந்ததால் எல்லாரும் கேட்டோம்.

“காளி, ஆபத்துக்குன்னுதானே சொன்ன?”

“ஏலே, ஆபத்துக்குத்தான். தலை சுத்துறவள மருந்துப் பக்கம் வச்சா ஆபத்து இல்லையா? நான் ஒரு எழுத்து கூட்டல. அம்புட்டும் ஒன் கையெழுத்துதான.”

சங்கிலிமுத்து நோட்டை அந்த மேஜையிலேயே எறிந்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. எனக்கு அவர் மேல் இருக்கும் கோபம் அது ஒன்றுதான். தான் போனால் வேறொருவன் வருவான், அவன் ஜீப்பைக்கூட ஒழுங்காக அனுப்ப மாட்டான் என்று நினைத்ததாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார். இனிமேல் நோட்டில் எவள் பெயரையும் எழுதுவதில்லை, காரணமும் எழுதுவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டார். ஆனால் அதை ஷெட்டுகளுக்குப் போய்ச் சொல்ல அவருக்கு முகமில்லை. மாரித்தாயும் வீட்டில் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு சிவப்புக் கொடிகூட ஏறவில்லை. நாலு மாசம், எல்லாப் பக்கத்திலும் ‘சரி’, ‘சரி’, ‘சரி’. காளிராஜ் அந்த நோட்டை முதலாளியிடம் காட்டி, நம் கம்பெனியில் கோளாறே இல்லை என்று பெருமையடித்தார்.

மாசி மாதம் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு மாரித்தாயின் கையில் இருந்த ஒரு சிட்டிகை மருந்து உரசிப் பொறிந்து முகத்தில் அடித்தது. அடைத்த சரக்கை அப்போதுதான் எடுத்துப் போயிருந்ததால் ஷெட் தப்பியது. மற்ற இருவரும் குடத்துத் தண்ணீரால் அவள் முகத்தைத் துடைத்து, கண்ணைத் துணியால் கட்டி, மூலையில் உட்கார வைத்தார்கள். அவள் பங்கு வேலையையும் தாங்களே செய்தார்கள். வெள்ளைக் கொடியை இறக்கவில்லை. மாடியில் இருந்தவர் அன்று சாயங்காலம் ஐந்து மணி வரை பதினாறு முறை நாலாம் ஷெட்டைப் பார்த்து, பதினாறு முறை ‘சரி’ என்று எழுதினார்.

வேலை விட்டதும் இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தபோதுதான் அது தன் தங்கை என்று அவருக்குத் தெரிந்தது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலையிலேயே கொண்டு வந்திருந்தால் வலது கண்ணையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

கண் இரண்டிலும் கட்டோடு படுத்திருந்தவளின் கட்டில் பக்கத்தில் சங்கிலிமுத்து நின்றார். நானும் உடன் போயிருந்தேன். நாலு மாசமாக அவரோடு பேசாதவள் அன்றுதான் அவர் கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

“ஏம் தாயி சிவப்ப ஏத்தல? நான் அங்கனதான இருந்தேன்?”

“ஏத்துனா நீங்க எழுதீருவீகளே அண்ணே” என்றாள் மாரித்தாய்.

பெயர் எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டேன் என்று அவர் அவளிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த இருபது வருஷத்திலும் சொல்லவில்லை.