ஒரு சுளகு தவிடும் எங்கள் பெயரும்

பிள்ளைகளே,

மூத்தவள் போன கிழமை தொலைபேசியில் கேட்டாள்: "அப்பா, எங்கடை வீட்டுப் பேர் ஜேர்மன் பேராம். ஆனா இஞ்சை ஜேர்மனியிலையே அந்தப் பேரிலை ஆக்களைக் காணேல்லை. குருநகருக்கு இது என்னெண்டு வந்தது?" நான் வேறு கதைக்குப் போனேன். வாயால் சொல்ல எனக்கு வராது, அதுதான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு தோணியில் ஏறியவன் நான். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

யாழ்ப்பாணக் கரையில், குருநகரில், எங்கள் தெருவில் மற்றவர்களுக்கெல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன பெயர்கள். நாக்குப் பழகியவை. எங்களுடையது மட்டும் மீன் முள்ளுப்போல வாயில் நிற்கும். அது எங்கிருந்து வந்தது என்று என் அப்பாவுக்கும் தெரியாது. ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எங்கள் வீட்டு ஆண்கள் ஒருவரையும் கடல் எடுத்ததில்லை. "கடல் பேர் சொல்லித்தானே கூப்பிடும்? உங்கடை பேர் அதுக்கு வாயிலை வராது" என்பார்கள்.

அந்த நம்பிக்கையால் எங்கள் பெயருக்கு ஒரு மவுசு. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறினால், பிறகு பிறப்பதைத் தாய் இன்னொரு வீட்டுக்கு, அரிசி புடைக்கிற சுளகால் ஒரு சுளகு தவிட்டுக்கு விற்பாள். பேச்சுக்குத்தான் விற்பது; பிள்ளை தாயோடுதான் வளரும். ஆனால் வாங்கிய வீட்டின் பெயரால்தான் அதைக் கூப்பிட வேண்டும். சாவு தேடி வந்தால் ஆள் பிடிபடாது என்று நினைப்பு. கலியாணத்துக்கு முந்தி தாய் அதே அளவு தவிட்டைக் கொண்டுவந்து பிள்ளையைத் திருப்பி எடுப்பாள். மற்ற ஊர்களிலும் இந்த வழக்கம் இருந்தது. எங்கள் தெருவில் மட்டும் விற்க வந்த எல்லோரும் எங்கள் வாசலுக்கே வந்தார்கள். சுவாமியார் ஞானஸ்நானத்தில் எந்தப் புனிதரின் பெயரை வைத்தாலும், தெருவில் அந்தப் பிள்ளைக்கு எங்கள் பெயர்தான்.

பின்வீட்டு அக்காவின் மகனும் அப்படி எங்களிடம் வந்தவன். அக்கா கிழிந்த வலை பொத்திப் பிழைத்தவர். மூன்று பிள்ளைகள் தொட்டிலிலேயே போனபின் பிறந்தவன் அவன். வளர்ந்து என் தோணியிலேயே தொழிலுக்கு வந்தான். என்னைத் "தவிட்டப்பா" என்றுதான் கூப்பிடுவான். "என்னை வாங்கக் குடுத்த தவிட்டை ஒரு மாட்டுக்கு வைச்சிருந்தா, இப்ப பாலாவது கறந்திருப்பியள், தவிட்டப்பா" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பான்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு, கலவரத்துக்கு முந்தி, சுவாமியார் ஒரு வெள்ளைக்காரரை வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஜேர்மனியிலிருந்து வந்தவர். அவருக்கும் எங்கள் பெயர்தான். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. யாழ்ப்பாணத்தில் அந்தப் பெயர் இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டுத் தேடிவந்திருக்கிறார். சுவாமியார் மொழிபெயர்த்தார். அவர்களுடைய ஊர் மலைக்குள்ளே, கடலே இல்லாத இடம். அங்கே ஒரேயொரு பண்ணை வீட்டிலிருந்துதான் அந்தப் பெயர் தொடங்கியது. இப்போது அவரோடு சேர்த்து இரண்டு மூன்று குடும்பம்தான் மிச்சம். டச்சுக்காரரான ஒல்லாந்தர் இங்கே ஆண்ட காலத்தில் அந்த வீட்டுப் பெடியன் ஒருவன் சம்பளத்துக்கு ஒல்லாந்தரின் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறினான், திரும்பி வரவில்லை என்று அவர்கள் வீட்டில் வழிவழியாய்ச் சொல்லி வந்தார்களாம்.

"இஞ்சை எத்தினை பேர் இருக்கிறியள் எண்டு கேக்கிறார்" என்றார் சுவாமியார்.

நான் வாசலுக்குப் போய் எங்கள் பெயரைச் சொல்லிச் சத்தமாய்க் கூப்பிட்டேன். தெருவின் இரண்டு பக்கத்தாலும் தவிட்டுப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். மூக்கு வடித்துக்கொண்டு ஒன்று, காற்சட்டை இல்லாமல் ஒன்று, பின்னால் சிரித்துக்கொண்டு அக்காவின் மகன். அந்த மனிதர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார். அவர் கண் கலங்கியதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

போகும்போது அவர் ஒல்லாந்தரின் பழைய பதிவேட்டில் பார்த்த இன்னொன்றும் சொன்னார். பட்டாளத்துக்குப் போனவன் இங்கே ஒரு பெண்ணைக் கட்டி, ஒரு பிள்ளையும் பிறந்தபின், தோணி கவிழ்ந்து இந்தக் கடலிலேயே மூழ்கித் தாண்டு போனானாம். மலைநாட்டான், நீந்தத் தெரியாது.

அதை நான் என்னோடு வைத்திருந்திருக்கலாம். அடுத்த நாளே தேத்தண்ணிக் கடையில் இருந்து எல்லோருக்கும் சொன்னேன். எட்டாம் வகுப்புக்காரனுக்குத் திடீரென்று ஒரு சரித்திரம் கிடைத்திருக்கிறது, வாய் சும்மா இருக்குமா? பட்டாளம், கப்பல், பண்ணை வீடு எல்லாம் சொல்லி, கடைசியில் தாண்டு போனதையும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் கோப்பையை வைத்துவிட்டு, "அப்ப கடலுக்கு உங்கடை பேர் வாயிலை வந்திருக்கு எண்டு சொல்லும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

பொழுதுபட முந்தி அக்கா சுளகில் தவிட்டோடு வந்து நின்றார்.

"தம்பி, என்ரை பிள்ளையைத் தா."

"என்ன அக்கா உது? அவனுக்குக் கலியாணம் பேசேக்கை எடுக்கிறதுதானே வழக்கம்."

"கடல் ருசி பாத்த பேர் எனக்கு வேண்டாம்."

"அது ஒல்லாந்தர் காலத்துக் கதை அக்கா. பேரிலை என்ன கிடக்கு?"

"ஒண்டும் இல்லாட்டி, தேத்தண்ணிக் கடையிலை இருந்து ஏன் அவ்வளவு சொன்னனி?"

உங்கள் அம்மா தவிட்டை வாங்கிக்கொண்டார். அந்தக் கிழமையே மற்றத் தாய்மாரும் ஒவ்வொருவராய் வந்து தங்கள் பிள்ளைகளை எடுத்துப் போனார்கள். தெருவில் எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம் நின்றுபோனது.

அக்கா அதோடு விடவில்லை. மகனைக் கடலுக்கே போகவேண்டாம் என்று மறித்துவிட்டார். காவல் என்று நம்பியிருந்த பெயர் காவல் இல்லை என்றானபின், இருக்கிற ஒரே பிள்ளையை எப்படி அவர் தண்ணீரில் விடுவார்? பட்டணத்தில் ஒரு சைக்கிள் கடையில் சேர்த்துவிட்டார். அவன் போகும்போது என் தோணிக்குப் பக்கத்தில் நின்று, "இனி நீங்கள் எனக்கு வெறும் மாமாதான். ஓட்டை ரியூப் எண்டாக் கொண்டாங்கோ, காசில்லாமல் ஒட்டித் தாறன்" என்றான். சிரிப்பு முந்தியமாதிரி இல்லை. கடலிலேயே ஆசை வைத்த பெடியன் அவன்.

பிறகு இராணுவம் இருந்த யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து ஷெல் வரத் தொடங்கிய காலம். ஒருநாள் விடிய நாங்கள் கரைக்குக் கிட்டவே வலை இழுத்துக்கொண்டிருந்தோம். பட்டணப் பக்கம் சத்தம் கேட்டது. கூரைகளுக்கு மேலே புகை எழும்பியது. கரைக்கு வந்தபோது சனம் ஓடிக்கொண்டிருந்தது. ஷெல் விழுந்தது சைக்கிள் கடைக்கு முன்னால். அவன் குந்தியிருந்து ஒரு சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தானாம்.

அன்று கடலில் நின்ற எங்களில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. உங்கள் இரண்டு பேரையும் அம்மா கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்திருந்தார். உங்களைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டபோது, அக்கா பார்த்துவிடுவாரோ என்று தூணுக்குப் பின்னால் போனேன்.

செத்த வீட்டில் அக்கா என்னை ஏசவில்லை. அருகே கூப்பிட்டு மெதுவாய்க் கேட்டார்: "உன்ரை தோணியிலை நிண்டிருந்தா இருந்திருப்பான், என்ன தம்பி?"

அதற்குப் பிறகும் அவர் என்னை ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். ஷெல் அடித்தது நானா, நடந்ததைத்தானே சொன்னேன் என்று கத்தியிருப்பேன். மறுக்க ஆள் இல்லாததால் அது என்னோடேயே இருந்துவிட்டது. பிள்ளைகளே, உண்மை சொல்வது பிழை என்று உங்களுக்குச் சொல்ல வரவில்லை. நான் அன்று உண்மைக்காகச் சொல்லவில்லை. நாலு பேர் என்னை நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று சொன்னேன். ஒரு தாயின் நெஞ்சில் அது எங்கே போய் விழும் என்று யோசிக்கவில்லை. அந்தப் பெயரை இப்போது யாராவது வடிவான பெயர், அருமையான பெயர் என்று சொன்னால் எனக்குக் காது சுடுகிறது.

அடக்கம் முடிந்து சில நாளில் நல்ல காற்று. மத்தியானம், ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து அவனைப் புதைத்த சேமக்காலைக்குப் போனேன். அங்கே எல்லாம் மணல்தானே. அவனுடைய மரச் சிலுவை ஒரு பக்கம் சரிந்து நின்றது. நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அடிமணலைச் செருப்புக் காலால் மிதித்து இறுக்கினேன். இரண்டு மிதி மிதித்தபின்தான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது. செருப்பைக் கழற்றி எட்ட வைத்துவிட்டு, முழந்தாளில் இருந்து கையால் மணலை அள்ளிப் போட்டு, உள்ளங்கையால் சுற்றிவர அமத்தினேன்.